நான் ஜெயித்த அட்ரினல் சண்டை

எங்கள் வீட்டில் பத்து மாதம் ஒரு சண்டை நடந்தது. பிள்ளையின் படிப்புக்காகவோ சொந்தக்காரர் கல்யாணத்துக்காகவோ அல்ல. ஒரு நோய் உலகத்தில் இருக்கிறதா இல்லையா என்பதற்காக. இருக்கிறது என்றாள் என் மனைவி. இல்லை என்றேன் நான். நான்தான் சரி என்று கடைசியில் ஒரு டாக்டர் வாயாலேயே கேட்டேன். அந்த நேரத்தில் என் மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு கையிலும் ஊசியோடு கிடந்தாள்.

நான் மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிரெசர். தோட்டத்துக் கிளினிக்கில் டாக்டர் இருக்கவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள். காய்ச்சல், பேதி, கத்தி வெட்டு, குளவிக் கடி எல்லாம் என் கையில்; அதற்கு மேல் போனால் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்புவேன். இப்போது கொழுந்து வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் பங்களாதேஷ், நேப்பாளப் பிள்ளைகள். நம்மவர்கள் ஃபேக்டரியிலும் ஆபீசிலும் டூரிஸ்டுகள் டீ குடிக்க வரும் கடையிலும் வேலை செய்கிறார்கள். யாராக இருந்தாலும் உடம்புக்கு ஒன்று என்றால் என் கதவைத்தான் தட்டுவார்கள். நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மறுபேச்சு என் வீட்டில் மட்டும்தான்.

என் மனைவிக்கு அந்த டீக்கடையில் பதினாறு வருஷ வேலை. அவளுக்கு அசதி ஆரம்பித்தது ஒரு பள்ளி விடுமுறையில்தான். விடுமுறை வந்தால் மலைக்கு வரும் கார்கள் எங்கள் தோட்டத்துச் சின்ன ரோட்டில் ஒன்றன் வால் ஒன்று பிடித்து நிற்கும். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அவள் நின்ற கால் நின்றபடி டீ ஊற்றுவாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"காலைல எந்திரிக்கவே முடியலங்க. தூங்குன மாதிரியே இல்ல. யாரோ மேல ஏறி ஒக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

"வயசாகுதுல்ல" என்றேன்.

இரண்டாவது தடவை சொன்னபோது ரத்தம் எடுத்து டவுனுக்கு அனுப்பினேன். சர்க்கரை, தைராய்டு, ரத்த அளவு, கிட்னி எல்லாம் சரியாக இருந்தன. காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து ஒவ்வொரு எண்ணாக விரலால் தட்டிக் காட்டினேன்.

"எல்லாம் நார்மல் லா. ஒனக்கு ஒன்னும் இல்ல."

ஆறுதலாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அப்ப நான் பொய் சொல்றேங்கிறீங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த மாதம் கம்போங் ராஜாவிலிருந்து ஒரு பெண் டீக்கடைக்கு வந்தாள். அங்கே பியூட்டி பார்லர் வைத்திருப்பவள், முப்பத்தைந்து வயது இருக்கும், பேச்சில் தேன் ஒழுகும். என் மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே, "அக்கா, காலைல எந்திரிக்க முடியலையா? மூணு மணியானா கண்ணு சொருகுதா? உப்பா எதாச்சும் திங்கணும்போல இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். மூன்றுக்கும் ஆமாம். "அது ஒங்க அட்ரினல் டயர்ட் ஆயிருச்சுக்கா. டாக்டருங்க இத ஒத்துக்க மாட்டாங்க லா. பிளட் டெஸ்ட்ல தெரியாது."

அட்ரினல் என்பது கிட்னியின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி. பயம் வந்தாலும் காயம் பட்டாலும் உடம்பைத் தூக்கி நிறுத்துவது அதன் வேலை. வருஷக்கணக்காக ஓடி ஓடி உழைத்தால் அந்தச் சுரப்பியும் களைத்துப் போகிறது, அதற்குத்தான் இந்த அசதி என்பது அந்தப் பார்லர்காரியின் கட்சி. களைத்த சுரப்பிக்குத் தெம்பு கொடுக்க ஒரு கேப்சூல். காலையில் இரண்டு, மதியம் ஒன்று.

அன்று மாலை என் மனைவி வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. மருந்து இன்னும் வாயில் போடவில்லை. பெயர் கிடைத்ததே அவளுக்குப் பாதி மருந்து. எனக்கு அதுதான் சுருக்கென்றது. முப்பது வருஷ டிரெசர் வீட்டில், முகத்துக்கு மாவு பூசுகிறவள் வந்து நோய்க்குப் பெயர் வைத்துவிட்டுப் போகிறாள்.

நான் சும்மா விடுவேனா? இணையத்தில் தேடினேன். ஹார்மோன் வைத்தியத்தில் பெரியவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். அப்படி ஒரு நோய்க்கு ஆதாரமே இல்லை, கவலையால் அந்தச் சுரப்பி தேய்ந்து போவதில்லை, அதைக் கண்டுபிடிக்க என்று எச்சிலை வைத்துச் செய்யும் சோதனையை நம்பமுடியாது என்று எழுதியிருந்தார்கள். கிளினிக் பிரிண்டரில் எடுத்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, அவள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் அதன் மேல் குழம்புச் சட்டி உட்கார்ந்திருந்தது.

"இவங்கல்லாம் சொரப்பி சாகுற வரைக்கும் நார்மல்னுதான் சொல்லுவாங்க" என்றாள். "செத்த பொறவு வந்து, ஆமா இது வியாதிதான்னு சொல்லுவாங்க. நடுவுல கெடக்குற மனுசி எங்க போவா?"

இன்றைக்கு யோசித்தால் அது நல்ல கேள்வி. அன்றைக்கு நான், "நடுவுல கெடக்குறவங்களுக்குத்தான் பார்லர்காரி இருக்காளே" என்று கிண்டல் செய்தேன்.

தினமும் இதே பாட்டு. அவள் கேப்சூலை எடுக்கும்போது நான், "களைச்ச சொரப்பிக்குப் பூசை ஆச்சா?" என்பேன். அவள் என் முன்னால் விழுங்குவதை நிறுத்திக்கொண்டாள். ஆனால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும், கேப்சூல் வேலை செய்தது. இரண்டே வாரத்தில் அவள் விடியலில் எழுந்து வாசல் கூட்டினாள். மூட்டு வலி போன இடம் தெரியவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள். கன்னம் உப்பி, முகம் வட்டமாகி, கழுத்தில் சதை போட்டது. கோயிலில் பார்த்தவர்கள், "டிரெசரம்மா பத்து வயசு கொறஞ்சிட்டாங்க" என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். வாதத்தில் தோற்கிறேனே என்ற எரிச்சலும் இருந்தது. அந்த வட்ட முகத்தைப் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்கவேண்டிய முதல் ஆள் நான். என் வேலையே அது. எங்கேயாவது லேசாக இடித்தாலும் அவள் கையில் நீலம் பாய்ந்ததே, அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, "பாத்து நட" என்றேன்.

அசதியில் கிடந்த நாளில் அவள் எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். உடம்பு தேறினால் திருவிழாவில் பால்குடம் எடுப்பதாக. தேறிவிட்டது. காப்புக் கட்டு வெள்ளிக்கிழமை, பால்குடம் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பத்து நாளும் ஒருவேளைச் சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை.

காப்புக் கட்டுக்கு மூன்று வாரம் முன்பு அவள் போத்தலை அலமாரியில் மறந்து வைத்துவிட்டுப் போனாள். கிளினிக்குக்கு எடுத்துப்போய் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எறும்பு எழுத்தில் ஏதேதோ வேர், ஏதேதோ இலை, கடைசியில் ஒரு வரி. மாட்டின் அட்ரினல் சுரப்பி, உலர்த்திப் பொடித்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து மாதம் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் வீண். இந்த ஒரு வரி போதும். ஆனால் போத்தலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன், அன்றைக்கே சொல்லவில்லை. துருப்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பதுபோல மூன்று வாரம் காத்திருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

காப்புக் கட்டு அன்று காலை அவள் மஞ்சள் புடவையில் தயாராக நின்றாள். நான் பார்ப்பது தெரியாமல் கேப்சூலை விழுங்கித் தண்ணீர் குடித்து முடித்தாள். நான் போத்தலை எடுத்து அந்த வரியைக் காட்டினேன்.

"இது என்னான்னு தெரியுமா? மாடு. மாட்டோட உள்ளுறுப்பு. இத தின்னுட்டுத்தான் ஆத்தாளுக்குப் பால் எடுக்கப் போறியா?"

அவள் வீட்டுக்குப் பின்னால் குழாயடிக்கு ஓடி, விரலை விட்டு வாந்தி எடுத்தாள். மறுபடி தலைக்கு ஊற்றிக்கொண்டாள். கேமரன் குளிரில் பச்சைத் தண்ணீர். நடுங்கிக்கொண்டே வந்து, "இனிமே தொட மாட்டேன். போதுமா?" என்றாள். போதவில்லை எனக்கு. கோயிலின் வாட்சப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டேன். "காப்புக் கட்டுற பொம்பளைங்க கவனத்துக்கு. அட்ரினல் கேப்சூல்னு ஒன்னு விக்கிறாங்க. அதுல மாடு கலந்திருக்கு. இல்லாத வியாதிக்கு மருந்து. யாரும் தொடாதீங்க." கடைசியில் 'டிரெசர்' என்று என் பதவியையும் சேர்த்துச் சொன்னேன். நிறையப் பேர் கும்பிடு படம் போட்டார்கள்.

சனிக்கிழமை உடம்பெல்லாம் வலிக்கிறது என்றாள். திங்கள்கிழமை அந்த ஒருவேளைச் சாப்பாடும் இறங்கவில்லை. "வெரதம்னா அப்பிடித்தான்" என்றேன். செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி, வாந்தி. வாயுக்கு மருந்தும் உப்புத் தண்ணீரும் கொடுத்தேன். எனக்குள் பயம் ஆரம்பித்தது அன்றுதான். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. ஆனாலும் விரதம், குளிர், மனசு என்று காரணம் அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அவள் தரையில் கிடந்தாள். தொட்டால் ஐஸ், ஆனால் நெற்றி முழுக்க வேர்வை. பிரஷர் எண்பதுக்குக் கீழே. நான்குக்கு மேல் இருக்கவேண்டிய சர்க்கரை மூன்றைக்கூடத் தொடவில்லை. ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். என் கை ஊசி போட நரம்பு தேடி மூன்று தடவை தவறியது. தோட்டத்து வண்டியிலேயே கிளப்பினோம். பின்சீட்டில் அவள் தலை என் மடியில், ஒரு கையால் குளுக்கோஸ் பையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். முன்னால் ஒரு காய்கறி லோரி ஆமை மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் எண்ணிக்கை தப்பி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னப் பெண். கிள்ளானிலிருந்து மாற்றலாகி வந்தவர், என் மகள் வயது. மனைவியின் கன்னத்தைப் பார்த்தார், கையிலிருந்த நீலத்தைப் பார்த்தார், புடவையை விலக்கி வயிற்றுத் தோலில் ஓடிய சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஆன்டி, ஜாமு மாதிரி நாட்டு மருந்து எதாச்சும் சாப்புடுறாங்களா?"

"இல்ல டாக்டர். ஒரு கேப்சூல் சாப்புட்டுக்கிட்டு இருந்தா. நான்தான் நிறுத்திட்டேன்" என்றேன். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எப்ப நிறுத்துனீங்க? படிப்படியாவா, ஒரேயடியாவா?"

"வெள்ளிக்கெழம. ஒரேயடியா."

அவர் நர்சிடம் ஹைட்ரோகார்ட்டிசோன் என்றார். ஊசி ஏறியது. அடுத்த ஒரு மணி நேரம் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரஷர் மெல்ல ஏறியது. அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அதன் பிறகுதான் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"அங்கிள், அட்ரினல் சோர்வுன்னு ஒரு வியாதி கெடையாது. நீங்க சொன்னது சரிதான். ஆனா அந்தக் கேப்சூல்ல ஸ்டீராய்டு, அந்தச் சொரப்பி சுரக்கிற மாதிரியே ஒன்னு, இருந்திருக்கணும். லேபிள்ல போட மாட்டாங்க. வெளியிலேருந்து மாசக்கணக்கா வந்துக்கிட்டே இருந்தா, சொரப்பி நமக்கு வேல இல்லன்னு தூங்கிரும். திடீர்னு நிறுத்துனா உள்ளயும் இல்ல, வெளியிலயும் இல்ல. ஆள் போயிருவாங்க. மொதல்ல ஆன்டிக்கு அட்ரினல்ல ஒரு வியாதியும் இல்ல. இப்ப இருக்கு."

ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்பது எனக்குத் தெரியாததா? முதல் வருஷப் பாடம். மாடு என்ற ஒரு வார்த்தையைப் படித்த சந்தோஷத்தில் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"வேற யாராச்சும் இத சாப்புடுறாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

குழுவில் போட்ட செய்தி. ஆறு நாளாகிவிட்டது. நின்ற இடத்திலேயே கம்போங் ராஜா பெண்ணுக்கு ஃபோன் போட்டேன். அவள் அழுதாள். "நானும்தான் சாப்புடுறேண்ணே. சத்தியமா உள்ள என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது." அவளிடம், நீ நிறுத்தாதே, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். எங்கள் தோட்டத்தில் எத்தனை பேர் என்றேன்.

"அக்காவ விட்டா அஞ்சு பேரு."

"யாரு யாரு?"

"சொல்ல மாட்டேண்ணே. நீங்க மெசேஜ் போட்ட அன்னிக்கே எல்லாரும் ஃபோன் பண்ணி சத்தியம் வாங்கிட்டாங்க. மாடு தின்னுட்டுக் காப்புக் கட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா தோட்டத்துல தல காட்ட முடியாதுன்னு அழுவுறாங்க. உசுரு விசயம்னு தெரிஞ்சா அவங்களே வந்து சொல்லட்டும்." ஃபோனை வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை.

அன்று மாலையும் வியாழன் காலையும் நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பத்து மாதம் அந்தக் கேப்சூலை ஏசியவன் ஒவ்வொரு வாசலிலும் நின்று, சாப்பிட்டிருந்தால் சொல்லுங்கள், ஒன்றும் சொல்லமாட்டேன், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று கெஞ்சினேன். பெண்கள் எல்லோரும் மஞ்சள் கயிறு கட்டிய கையைக் காட்டி, "ஐயையோ, நாங்க ஏன் அதெல்லாம் தொடப்போறோம்?" என்றார்கள். சிலர் கதவுக்குப் பின்னால் நின்று மாமியாரை விட்டுப் பதில் சொன்னார்கள். யார் உண்மை சொல்கிறார், யார் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. வட்டமான முகத்தைத் தேடினேன். பார்க்கப் பார்க்க எல்லா முகமும் வட்டமாகத் தெரிந்தது. குழுவில் புதிதாக ஒரு செய்தி போட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. வாயை அடைத்தவன் நான்தானே.

வியாழன் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வாரம் காத்திருந்ததையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் ஃபோன குடுங்க" என்றாள்.

அவள் அந்தக் குழுவில் பேசியதை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "டிரெசரம்மா பேசுறேன். அந்தக் கேப்சூல் பத்து மாசம் சாப்புட்டேன். மாடுதான். தெரியாம தின்னேன், காப்புக் கட்டுன அன்னிக்கும் தின்னேன். ஆத்தா என்னா செய்யணுமோ எனக்குச் செய்யட்டும். ஆனா அது என்னைய சாவடிக்கல. அத டக்குன்னு நிறுத்துனதுதான் சாவடிக்கப் பாத்துச்சு. எங்க வீட்டுக்காரரு சொன்னாருன்னு நிறுத்துனேன். அவரு சொன்னது தப்பு. நீங்களும் நிறுத்திருந்தா மானம் பாக்காம இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாங்க. மொதல்ல கேவலப்பட்டவ நான்தான். எனக்குப் பின்னால வாங்க."

ஃபோனைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பூசாரி பிறகு, மருந்து என்று நினைத்து, தெரியாமல் சாப்பிட்டதற்குத் தோஷமே கிடையாது என்று சொல்லி அனுப்பினார். மூன்று வாரத்தில் ஒருநாளாவது நான் அவரிடம் போய்க் கேட்டிருக்கலாம்.

மாலைக்குள் நான்கு பேர் வந்தார்கள். போத்தலைத் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் வந்தார்கள். இரண்டு பேருக்கு ஏற்கெனவே வாந்தி. டாக்டர் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார், ஒருவரைப் படுக்க வைத்தார். ஐந்தாவது ஆள் வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டும் வரை யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கிளினிக்கைத் திறந்தேன். தரை துடைக்கவில்லை. தினமும் எனக்கு முன்னால் வந்து கூட்டித் துடைத்து, டீ போட்டு வைக்கும் அம்மாள் வரவில்லை. புதன்கிழமை காலை குடித்த டீத் தம்ளர் மேசையிலேயே இருந்தது; நேற்றும் அவர் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நேற்று நான் கிளினிக் பக்கமே வரவில்லையே. வீடு வீடாக ஏறினேன், அவர் வீட்டை மட்டும் விட்டுவிட்டேன். அவராக இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

அவசர மருந்துத் தட்டை இழுத்தேன். என் மனைவியை எழுப்பிய அதே ஹைட்ரோகார்ட்டிசோன் இரண்டு குப்பி அங்கேயே இருந்தது. ஆஸ்துமாக்காரர்களுக்கு என்று எப்போதும் வைத்திருப்பேன். புதன்கிழமை என் மனைவி விழுந்து கிடந்த அடுப்படிக்கும் அந்தத் தட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். குப்பியை எடுத்துக்கொண்டு அம்மாள் வீட்டுக்கு ஓடினேன்.

அம்மாள் பாயில் சுருண்டு கிடந்தார். தனி ஆள், புருஷன் இல்லை, பிள்ளை சிங்கப்பூரில். பிரஷர் என் மனைவிக்கு இருந்ததைவிடக் கீழே. டாக்டருக்கு ஃபோன் போட்டேன். கேப்சூல் சாப்பிட்டது உறுதியா என்று கேட்டார்.

"அம்மா, அந்தக் கேப்சூல் சாப்புட்டீங்களா?"

"இல்லங்கய்யா" என்றார். உதடு மட்டும் அசைந்தது. கையில் காப்பு. "வெரதம்யா. நான் ஒன்னும் தின்னல."

அவரிடம் சாதாரண ஃபோன்தான், குழுவில் அவர் இல்லை. நான் போட்ட செய்தியை யாரோ வாயால் சொல்லித்தான் நிறுத்தியிருக்கவேண்டும். மனைவியின் குரலை என் ஃபோனில் போட்டு அவர் காதோரம் வைத்தேன். 'மொதல்ல கேவலப்பட்டவ நான்தான்' என்ற இடத்தில் அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தலையை ஆட்டினார். போத்தலைச் சுவாமிப் படத்துக்குத் தெரியக்கூடாது என்று வெளியே கோழிக்கூண்டில் ஒளித்து வைத்திருந்தார். டாக்டர் போடச் சொன்னார், போட்டேன். இந்தத் தடவை கை தவறவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது எல்லோரும் நடமாடுகிறார்கள். போத்தல்கள் சோதனைக்குப் போயின, டாக்டர் நினைத்ததேதான் உள்ளே இருந்தது. என் மனைவி காலையும் மதியமும் மாத்திரை போடுகிறாள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். அவள் தும்மினால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வேளை தப்பினால் டீக்கடைக்கே ஓடுகிறேன். "நான் என்னா பச்சப் புள்ளையா?" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

திருவிழா முடிந்த வாரம் டாக்டர் ஒன்று கேட்டார். அந்த ஐந்து பேருக்கும் கேப்சூலுக்கு முன்னால் என்ன தொந்தரவு இருந்தது, எப்போது ஆரம்பித்தது என்று எழுதி அனுப்புங்கள், ஸ்டீராய்டு குறைந்ததும் பழைய அசதி திரும்ப வரும், அது எதனால் என்று இனிமேல்தான் தேடவேண்டும் என்றார். போன வருஷத்து நோயாளிப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். ஐந்து பேரும் அதில் இருந்தார்கள். ஒரு பெண் மூன்று தடவை வந்திருந்தாள். கிளினிக் கூட்டும் அம்மாள் வேலை முடிந்து வரிசையில் நின்று காட்டியிருந்தார். எல்லாவற்றுக்கும் என் கையெழுத்தில் ஒரே குறிப்பு: உடல் அசதி என்கிறார், ஒன்றும் இல்லை, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

மனைவியின் பெயரைத் தேடினேன். அவள் பெயர் பதிவேட்டில் எங்கேயும் இல்லை. அவள் அசதி என்று சொன்னது வீட்டில், செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்து. அதை நான் எழுதிக்கூட வைக்கவில்லை.

அன்று மாலை பேனாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் எதிரில் உட்கார்ந்து, ஆரம்பத்தில் உனக்கு எப்படி இருந்தது, முதலிலிருந்து சொல் என்றேன். அவள் என்னையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு வருசமாச்சுங்க" என்றாள். "மொதல்ல எப்பிடி இருந்துச்சுன்னு எனக்கே மறந்து போச்சு."